கோவேறு கழுதைக்காரர் வென்ற போர்

அவையோருக்கு வணக்கம்.

ரோமானிய உள்நாட்டுப் போர் என்றதும் சீசர், பாம்பே, ஆண்டனி என்று நான்கைந்து பெயர்கள் வரும். நான் பேச வந்திருப்பது அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவரைப் பற்றி: பப்லியஸ் வென்டிடியஸ்.

கி.மு. 89இல், ரோமை எதிர்த்து எழுந்த இத்தாலிய ஊர்களில் ஒன்றான அஸ்குலம் வீழ்ந்தது. ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் கைதிகளை நடத்திப் போனார்கள். அவர்களில் ஒரு தாய். அவள் கையில் இருந்த குழந்தைதான் வென்டிடியஸ் என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கி.மு. 38இல் அதே ரோமில், அதே போன்ற ஊர்வலத்தில், வென்ற தளபதியாக அவர் தேரில் வந்தார்.

பிழைப்புக்கு அவர் செய்த தொழில், மாகாணங்களுக்குப் போகும் அதிகாரிகளுக்குக் கோவேறு கழுதைகளும் வண்டிகளும் ஏற்பாடு செய்து தருவது. கி.மு. 43இல் அவர் ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் ஆனபோது, “கழுதை தேய்த்தவன் கான்சல் ஆகிவிட்டான்” என்று ரோமில் கேலிப் பாட்டு எழுதி வைத்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. எத்தனை மூட்டைக்கு எத்தனை விலங்கு, எந்த வழியில் தண்ணீர் கிடைக்கும், ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்று அறிந்தவரைவிடப் படைக்கு வேண்டியவர் யார்? சீசர் அதைப் புரிந்துகொண்டு அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

சீசர் கொலைக்கு அப்புறம் வென்டிடியஸ் ஆண்டனி பக்கம் நின்றார். வட இத்தாலியின் முட்டினாவில் தோற்று ஆண்டனி மேற்கே பின்வாங்கியபோது, தானே திரட்டிய மூன்று லீஜியன்களை, அதாவது பெரும் படைப்பிரிவுகளை, அபெனைன் மலையைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ரோமானியர்கள் இப்படித் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தபோது, கி.மு. 40இல், இன்றைய ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியர்கள் கிழக்கிலிருந்து உள்ளே புகுந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டி வந்தவரே ஒரு ரோமானியர்: சீசரைக் கொன்றவர்களின் தோற்ற கட்சியைச் சேர்ந்த குவின்டஸ் லாபியேனஸ். ஆண்டனி அனுப்பிய வென்டிடியஸ், அடுத்த ஆண்டே டாரஸ் மலையில் லாபியேனஸின் படையை முறியடித்தார்.

அவர் போர்முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கி.மு. 53இல் ரோமானியத் தளபதி கிராசஸ், கார்ரே சமவெளியில் பார்த்தியக் குதிரை வில்லாளிகளிடம் சிக்கிப் படையோடு அழிந்தார். வெட்டவெளியில் அவர்கள் சுற்றிச் சுற்றி வந்து அம்பு எய்வார்கள். காலாட்படை நெருங்கவே முடியாது. அதனால் வென்டிடியஸ் மேட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கி.மு. 38இல் பார்த்திய இளவரசர் பகோரஸ் மறுபடி வந்தபோது, வென்டிடியஸின் படை பல இடங்களில் சிதறிக் கிடந்தது. அவரோடு இருந்த உள்ளூர்த் தலைவர் ஒருவர் எதிரிக்குத் துப்புக் கொடுப்பவர் என்பது அவருக்குத் தெரியும். அவரிடமே மனம்விட்டுப் பேசுவதுபோல், “வழக்கமான ஸ்யூக்மா துறையில் அவர்கள் ஆற்றைக் கடந்தால் எனக்கு நல்லது, பக்கத்தில் மேடுகள் இருக்கின்றன. கீழே சமவெளிப் பக்கமாக வந்தால்தான் பயம்” என்றார். செய்தி போனது. பகோரஸ் சுற்று வழியில் போய், யூப்ரட்டீஸ் அகன்று ஓடும் இடத்தில் பாலம் கட்டிக் கடந்தார். அதற்குள் ரோமானியப் படைகள் ஒன்றுசேர்ந்துவிட்டன.

சிரியாவின் கின்டாரஸ் மேட்டில் ரோமானியர்கள் முகாமைவிட்டு அசையவில்லை. பயந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தியர்கள் சரிவில் குதிரைகளை ஏற்றினார்கள். காலாட்படை மேலிருந்து பாய்ந்தது, கவண்காரர்கள் கற்களை வீசினார்கள். பகோரஸ் அங்கேயே விழுந்தார்.

வென்டிடியஸ் அப்பால் துரத்திப் போகவில்லை. ஆண்டனியின் பொறாமைக்குப் பயந்தார் என்கிறார் பழைய வரலாற்று ஆசிரியர் புளூட்டார்க். அது உண்மையாகவே இருக்கலாம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் எதிரியைவிடத் தலைவரிடம்தான் ஜாக்கிரதை தேவைப்பட்டது. வெற்றி ஊர்வலம் முடிந்து சில காலத்தில் அவர் இறந்தார். அரசு செலவில் இறுதிச் சடங்கு நடந்தது.

கி.மு. 36இல் ஆண்டனியே பார்த்தியர்மீது படையெடுத்தார். வேகமாகப் போகும் அவசரத்தில், முற்றுகைக் கருவிகள் ஏற்றிய 300 வண்டிகளைப் பின்னால் விட்டுவிட்டார். எதிரிகள் அவற்றை அழித்தார்கள். கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பும் வழியில் 20,000 காலாட்களை இழந்தார். வண்டியும் பாரமுமாகவே வாழ்க்கையைத் தொடங்கிய வென்டிடியஸ் அந்தப் படையை நடத்தியிருந்தால், அவற்றைத் தனியே விட்டுப் போக ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன்.