சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற: பழைய மாருதி 800-ல இன்ஜின் ஆயில் லீக் தேடுறது

வணக்கம். முதல்ல இந்த அட்டையைப் பாருங்க. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிச்சு, ராத்திரி முழுக்க இன்ஜினுக்குக் கீழ விரிச்சு வச்சது. மார்க்கர்ல ரெண்டு கோடு போட்டிருக்கேன் பாருங்க, இந்தப் பக்கம் ரேடியேட்டர், அந்தப் பக்கம் கியர்பாக்ஸ். அட்டையை வெளிய எடுத்தப்புறம் எது எந்தப் பக்கம்னு குழம்பக் கூடாது, அதுக்குத்தான் இந்தக் கோடு.

வண்டி மாருதி 800, கார்புரேட்டர் காலத்தது. 796 சிசி, மூணு சிலிண்டர், எஃப்8பி இன்ஜின். அட்டையில ஏழெட்டு சொட்டு, எல்லாமே கியர்பாக்ஸ் பக்கம். இதை மட்டும் பார்த்துட்டு "பின் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்"னு சொல்றது வழக்கம். பின் ஆயில் சீல்னா, கிராங்க் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பக்கம் வெளிய வர்ற இடத்துல ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம். அவசரப்படாதீங்க. ஆயில் மேல கசிஞ்சு, இன்ஜின் உடம்புல வழிஞ்சு, எங்க ஒரு முனை கிடைக்குதோ அங்க வந்துதான் சொட்டும். ஓடும்போது காத்து வேற அதைப் பின்னால தள்ளும். அதனால கீழ பார்த்து முடிவு பண்ணவே கூடாது.

அதுக்கும் முன்னாடி, இது இன்ஜின் ஆயில்தானா? சொட்டை விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கியர் ஆயில்னா கெட்டியா இருக்கும், கந்தக வாடை அடிக்கும். கூலன்ட்னா பிசுக்கு இல்லாம இனிப்பு வாடை. சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா இருந்தா அது பிரேக் ஆயிலா இருக்கலாம், அப்படின்னா வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. ஆயில் லெவல் பார்க்கிற கம்பி இருக்கே, டிப்ஸ்டிக், அதையும் மோந்துடுங்க. பெட்ரோல் வாடை வந்து, லெவலும் மேல் கோட்டைத் தாண்டி இருந்தா, ஃப்யூல் பம்ப் உள்ள இருக்கிற சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிஞ்சு பெட்ரோல் உள்ள இறங்குதுன்னு சந்தேகப்படணும். அந்த ஆயில்ல வண்டி ஓட்டக் கூடாது.

சரி, இன்ஜின் ஆயில்தான். இப்ப கழுவணும். பத்து வருஷத்து அழுக்குக்கு மேல லீக் தேடுறது வீண் வேலை. இன்ஜின் நல்லா ஆறணும், சூட்டுல எதையும் ஊத்தாதீங்க. பெட்ரோல்ல கழுவவே கழுவாதீங்க. மண்ணெண்ணெய் இல்ல டீக்ரீசர், பழைய டூத் பிரஷ், பனியன் வேஸ்ட், இது போதும். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரன்ட் பிரிச்சுக் கொடுக்கிறது), ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய், மூணையும் பாலிதீன் கவர் போட்டுக் கட்டிடுங்க. இன்ஜின் உச்சியில இருக்கிற மூடி, அதாவது டேப்பெட் கவர்ல ஆரம்பிச்சு மேல இருந்து கீழ வாங்க. பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸ் இன்ஜினோட சேர்ற இடத்துல இருக்கிற கூடு) இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற இடுக்கை விட்டுடாதீங்க. துடைச்சுக் காய வச்சு, மண்ணெண்ணெய் வாடை போனப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

காஞ்ச இன்ஜின் மேல சாதாரண டால்கம் பவுடரை லேசாத் தூவுங்க. பெல்ட்டு மேலயும் வயர் கனெக்‌ஷன் மேலயும் படாம பார்த்துக்கோங்க. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வச்சுத் தேடுங்க. வெள்ளைப் பவுடர்ல பழுப்பா ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைப் பிடிச்சு மேல ஏறுங்க. ஈரம் எங்க ஆரம்பிக்குதோ, அதுல ரொம்ப மேல இருக்கிற புள்ளிதான் உங்க லீக். கீழ இருந்து ஜாக் மட்டும் போட்டு எட்டிப் பார்க்காதீங்க, ஸ்டாண்ட் வைங்க. செங்கல் ஸ்டாண்ட் இல்ல.

இந்த வண்டியில பாருங்க, கேமராவைக் கிட்டக் கொண்டுபோறேன். கோடு ஆரம்பிக்கிறது டிஸ்ட்ரிபியூட்டர் அடியில. 800-ல டிஸ்ட்ரிபியூட்டர், சிலிண்டர் ஹெட்டோட கியர்பாக்ஸ் பக்க முனையில உக்காந்திருக்கு. அதோட ஓ-ரிங் சூட்டுல வெந்து பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். கசியுற ஆயில் நேரா பெல் ஹவுசிங் மேல வழிஞ்சு கீழ சொட்டும், பார்க்க அச்சு அசலா பின் ஆயில் சீல் மாதிரியே இருக்கும். டீக்காசுல வாங்குற ஒரு ரப்பர் வளையத்துக்காக கியர்பாக்ஸை இறக்குறது இப்படித்தான் நடக்குது.

ஓ-ரிங் மாத்துறதுல ஒரே ஒரு சூட்சுமம்தான். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் தூக்கினதும், உள்ள சுத்துற ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு ஒரு கோடு போடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் அது உக்கார்ற இடத்துக்கும் சேர்த்து இன்னொரு கோடு. உள்ள கியர் பல் சாய்வா வெட்டியிருக்கும், அதனால வெளிய இழுக்கும்போதே ரோட்டார் கொஞ்சம் திரும்பும். திரும்பின இடத்துலயும் ஒரு கோடு போட்டுட்டா, திரும்ப மாட்டும்போது அங்க இருந்து ஆரம்பிக்கலாம். வெளிய எடுத்தப்புறம் இன்ஜினைச் சுத்த விடக் கூடாது, வண்டி கியர்ல நிக்குதுன்னா தள்ளவும் கூடாது. புது ஓ-ரிங்ல ஆயில் தடவி மாட்டுங்க, கடைசியா டைமிங் லைட் வச்சு ஸ்பார்க் நேரம் சரியா இருக்கான்னு ஒருதரம் பார்த்துடுங்க.

அடுத்து டேப்பெட் கவர் பேக்கிங், அதாவது கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட். இது கசிஞ்சா ஆயில் சைலன்சர் மேனிஃபோல்டு மேல சொட்டி, சிக்னல்ல நிக்கும்போது கருகுற வாடை வரும். நெருப்புக்கு வாய்ப்பு இருக்கிறதால தள்ளிப் போடாதீங்க. லீக் ஆகுதேன்னு போல்ட்டை மேல மேல இறுக்குறதுதான் இங்க நடக்குற தப்பு. சுமார் அஞ்சு நியூட்டன் மீட்டர்தான் இதுக்கு, அதாவது சின்ன ஸ்பேனர்ல விரல் பலம். அதிகமா இறுக்கினா கவர் வளையும், புது பேக்கிங்கும் நிக்காது. பழைய கவரைக் கண்ணாடிப் பலகை மேல கவுத்து வச்சு ஆடுதான்னு பாருங்க.

மெக்கானிக்கல் ஃப்யூல் பம்ப் அடியில இருக்கிற பேக்கிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர், இதெல்லாம் சீக்கிரம் பார்த்துடலாம். ஸ்விட்ச்சோட வயரைக் கழட்டினா உள்ள ஆயில் ஈரம் இருக்கா? ஸ்விட்ச்சை மாத்துங்க, ரிப்பேர் கிடையாது. ஃபில்டர்ல பழைய ரப்பர் வளையம் பிளாக்லயே ஒட்டிக்கிட்டிருக்கும், அது மேலயே புதுசைப் போட்டா ஆயில் பீய்ச்சும். வளையத்துல ஆயில் தடவி, தொட்டதுக்கு அப்புறம் கையால முக்கால் சுத்து.

பெல்ட் பக்கம் ஈரம்னா கேம் ஷாஃப்ட் சீல், இல்லன்னா கிராங்க் ஷாஃப்ட் முன் சீல். டைமிங் பெல்ட் கவரைக் கழட்டிப் பாருங்க. பெல்ட் ஆயில்ல நனைஞ்சிருந்தா துடைச்சுப் போடாதீங்க, ரப்பர் ஊறிப்போயிருக்கும். சீல், பெல்ட் ரெண்டும் புதுசு. ஷாஃப்ட்ல பழைய சீல் தேய்ச்ச பள்ளம் நகத்துல தட்டுப்பட்டா, புதுசை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வைங்க, உதடு தேயாத இடத்துல படும்.

கசியுறது சேம்பர், அதாவது இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டியோட பேக்கிங்னா, கழட்டின சேம்பரோட போல்ட் ஓட்டைகளைப் பாருங்க. இறுக்கி இறுக்கி மேல உப்பியிருக்கும், மரக்கட்டை வச்சு சுத்தியால தட்டி நேராக்கணும். அனபாண்ட் பசையை அப்பாதீங்க. மெல்லிசா ஒரே கோடு போதும், ஓட்டைக்கு உள்பக்கமா வரணும். அதிகமானது உள்ள பிதுங்கி, உடைஞ்சு, ஆயில் வடிகட்டுற வலை, அதாவது ஸ்ட்ரெய்னரை அடைச்சா இன்ஜினுக்கே கேடு.

இப்ப முக்கியமான விஷயம். மூணு நாலு இடத்துல ஒரே நேரத்துல கசியுதா? அப்ப சீல் மேல தப்பு இல்லாம இருக்கலாம். இன்ஜின் மூச்சு விட முடியாம திணறுது. ஐடில்ல ஓட விட்டு, ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து, வாய் மேல ஒரு மெல்லிய பாலிதீன் கவரை வைங்க. லேசாத் துடிச்சாலோ உள்ள இழுத்தாலோ சரி. பலூன் மாதிரி உப்பினா உள்ள அழுத்தம் ஏறுது, அந்த அழுத்தம்தான் நல்ல சீல் வழியாவும் ஆயிலைத் தள்ளுது. டேப்பெட் கவர்ல இருந்து ஏர் கிளீனருக்குப் போற ப்ரீதர் ஹோஸைக் கழட்டி ஊதிப் பாருங்க. உள்ள கருப்புக் களி அடைச்சிருக்கும், மண்ணெண்ணெய்ல கழுவுங்க. ஹோஸ் சுத்தமா இருந்தும் உப்புதுன்னா கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஏறுற அழுத்தத்தைப் பாருங்க. சிலிண்டருக்கு சிலிண்டர் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா பிஸ்டன் ரிங் பக்கம்தான் போகணும். அந்த இன்ஜின்ல சீல் மாத்துற காசு தண்டம்.

கெட்டி ஆயில் ஊத்தினா லீக் நிக்குமான்னா, சொட்டு குறையலாம், ஓட்டை அடையாது. லீக் நிறுத்துற பாட்டில் மருந்தும் ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான். கிழிஞ்ச சீலுக்கும் வளைஞ்ச கவருக்கும் அது எதுவும் பண்ணாது.

இந்த வண்டிக்கு ஓ-ரிங் போட்டாச்சு. திரும்பத் துடைச்சு, பவுடர் தூவி, அட்டையைத் திருப்பிப் போட்டு விரிச்சிருக்கேன். அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு நாளைக்குக் காலையில இதே அட்டையைக் காட்டுறேன். பெல் ஹவுசிங் அடியில அப்பவும் சொட்டு இருந்தா, மேல எல்லாம் காஞ்சிருந்தா, அப்ப கியர்பாக்ஸை இறக்கிப் பின் சீலைப் பார்க்கலாம்.