தரங்கம்பாடியில் பிறந்த பாரிஸ் இளவரசி: வேர் எங்கே?

[திரையில்: ஓவியம், மெதுவாக முகத்தை நெருங்குகிறது]

நீல ரிப்பன், கையில் இசைத்தாள், மேலே பார்க்கிற கண்கள். 1783-ல் விழே லெ ப்ரன் வரைந்த இந்த ஓவியம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸ் அழகி என்றுதானே நினைப்போம்? பிறந்தது நம்ம தரங்கம்பாடியில்.

பெயர் காத்தரின். 1802-ல் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலேராந்தைக் கல்யாணம் செய்துகொண்டவர்; பின்னால் அவருக்கு இளவரசர் பட்டம் கிடைத்ததால் இவரும் இளவரசி. அதற்கு முன்பே, இவரை ஒற்றர் என்று சந்தேகித்துப் பிடித்தபோது, தாலேராந்து அரசுக்குக் கடிதம் எழுதினார்: இவர் 'இந்தியப் பெண்', அழகி, சோம்பேறி என்று. அதை வைத்து இவருக்கு இந்திய ரத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தியாவில் பிறந்த வெள்ளைக்காரர்களையும் அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

சரி, பூர்வீகத்தை எப்படித் தேடுவது? குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் படியிலேயே சறுக்கும். வெர்லே, வொர்லே, வோர்லே என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். பிறந்த ஆண்டுகூட ஒரு இடத்தில் 1761, இன்னொரு இடத்தில் 1762.

[திரையில்: கடற்கரை வரைபடம், புதுச்சேரி, தரங்கம்பாடி]

பெயரை விட்டுவிட்டு அப்பாவின் வேலையைப் பிடியுங்கள். அவர் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சந்திரநாகூரில் துறைமுக அதிகாரி. அப்படிப்பட்டவரின் மகள் டேனிஷ்காரர்களின் ஊரில் ஏன் பிறந்தாள்? 1757-ல் சந்திரநாகூரும் 1761 ஜனவரியில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் விழுந்தன. தரங்கம்பாடி நடுநிலை ஊர். போர் துரத்திய குடும்பம் அங்கே ஒதுங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம் கல்யாணம். 1777-ல், 1762 கணக்குப்படி பதினைந்து வயதுகூட நிறையாத பெண்ணுக்கு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் கிராண்டோடு. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை புராட்டஸ்டன்ட். அதனால் ஒரே நாளில் இரண்டு முறை கல்யாணம். நமக்கு அது லாபம். ஒரு சபையின் பதிவேட்டில் விடுபட்டதை இன்னொரு சபையின் பதிவேட்டில் தேடலாம்.

இரண்டு வருஷத்துக்குள் வழக்கு. 1778 டிசம்பரில் பிலிப் பிரான்சிஸ் என்ற பெரிய மனிதர் மூங்கில் ஏணி வைத்து ராத்திரியில் காத்தரின் வீட்டுக்குள் இறங்கினார். 1779-ல் கல்கத்தா உச்ச நீதிமன்றம் கணவருக்கு 50,000 சிக்கா ரூபாய் (அன்றைய வங்காள வெள்ளி ரூபாய்) நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. ஏணி எதில் செய்தது என்பது வரை வரலாற்றில் இருக்கிறது. அம்மா லோரன்ஸைப் பற்றி? பெயரைத் தாண்டி ஏதாவது கிடைப்பதே பெரும்பாடு. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

[திரையில்: பழைய ஞானஸ்நானப் பதிவேடு]

அதனால் அம்மா வழியைத் தேடப் பதிவேடுகளுக்குத்தான் போக வேண்டும். பிரெஞ்சுக் குடியேற்றங்களின் பழைய பதிவேடுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன. ஆங்கிலேயத் திருச்சபைப் பதிவுகளின் படிகள் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். கத்தோலிக்க ஞானஸ்நானப் பக்கம் கிடைத்தால் பெற்றோர் பெயரோடு நிறுத்தாதீர்கள். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் அது சித்தியாகவோ தாய்மாமனாகவோ இருக்கும்.