எழுதாக் கணக்கு: லிங்கன் குடும்பம் நடந்து வந்த வழி

(இல்லினாய் மாநிலத்தில் ஒரு நூலக அரங்கில், தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத நண்பர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே (அவருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து நம் செயலாளரின் மகள் காதோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள்), காலை 5 மணிக்கே எழுந்து நூறு பேருக்குப் பொங்கலும் சட்னியும் செய்த மகளிர் அணித் தோழிகளே, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளே, ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளே, வணக்கம். போன வருஷம் எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவர் முட்டிவலியோடு இந்த வருஷமும் வந்திருக்கிறார். ஐயா, நீங்கள் உட்கார்ந்தே இருங்கள், நான் கீழே வந்து உங்களைப் பார்க்கிறேன்.

இரண்டு விஷயம் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருந்தேன். ஒன்று, ஆபிரகாம் லிங்கனின் குடும்பம் எங்கெங்கே தங்கி, எதற்காகக் கிளம்பி, நாம் இப்போது நிற்கிற இந்த மண்ணுக்கு வந்தது. இரண்டு, அதை எந்தக் காகிதங்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். சிவப்புத் துணி போட்ட நீளமான கடன் நோட்டு ஒன்று கல்லாப்பெட்டி மேலேயே கிடக்கும், அதில் ஒரு படி உளுந்தைக்கூட எழுதாமல் கொடுக்க மாட்டார். "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பார். இன்றைக்கு நான் பேசப்போவது எல்லாமே அந்த ஒரு வரியில் அடங்கும்.

சரி, லிங்கனுக்கு வருவோம். 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து சாமுவேல் லிங்கன் என்று ஒரு நெசவு பழகும் இளைஞர் கப்பலேறி மாசசூசெட்ஸ் வந்தார். ஹிங்ஹாம் என்ற ஊர். அவர் மகன் மார்டெகாய். அந்த மார்டெகாயின் மகனுக்கும் மார்டெகாய் என்றே பெயர், அவர் நியூ ஜெர்சி போய், அங்கிருந்து பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டத்துக்குப் போனார், 1733இல் அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. அவருடைய மகன் ஜான் தெற்கே வர்ஜீனியாவுக்கு இறங்கினார். ஜானின் மகன் ஆபிரகாம், அதாவது ஜனாதிபதியின் தாத்தா, 1780களின் தொடக்கத்தில் மலை தாண்டி கென்டக்கிக்குப் போனார். அவர் மகன் தாமஸ் 1816இல் இண்டியானா, 1830இல் இல்லினாய். ஏழு தலைமுறை, இருநூறு வருஷத்துக்கும் குறைவு. ஒரு தலைமுறை வெட்டிய கிணற்றில் அடுத்த தலைமுறை நிலைத்து நின்று தண்ணீர் குடித்தது அபூர்வம்.

இப்போது ஒரு சோளக்கொல்லைக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். 1786, மே மாதம். இன்றைய லூயிவில் நகரத்துக்குக் கிழக்கே லாங் ரன் என்ற ஓடைக்கரை. காட்டை வெட்டி, அடிக்கட்டைகள் இன்னும் துருத்திக்கொண்டிருக்கும் புதுக்கொல்லை. தாத்தா ஆபிரகாம் வேலை செய்கிறார், கூடவே மூன்று மகன்கள். மூத்தவன் மார்டெகாய்க்குப் பதினாலு பதினைந்து வயசு. அடுத்தவன் ஜோசையா. கடைக்குட்டி தாமஸுக்கு எட்டு வயசு இருக்கும். காட்டோரத்திலிருந்து ஒரு வெடிச்சத்தம். அப்பா விழுந்துவிட்டார். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜோசையா கோட்டையிலிருந்து ஆள் கூப்பிட ஓடுகிறான். மார்டெகாய் வீட்டுக்குள் ஓடித் துப்பாக்கியை எடுக்கிறான். எட்டு வயசுப் பிள்ளைக்கு ஓடத் தோன்றவில்லை, அப்பாவின் உடம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். காட்டிலிருந்து பூர்வகுடி ஆள் ஒருவர் வெளியே வந்து அவனை நோக்கி நடக்கிறார். மரக்கட்டைச் சுவரின் இடுக்கு வழியாக அண்ணன் பார்க்கிறான். அவர் மார்பில் ஏதோ பளபளக்கிறது. அதைக் குறிவைத்துச் சுடுகிறான். தம்பி பிழைத்தான்.

அந்தக் குண்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் ஆபிரகாம் லிங்கன் என்ற ஜனாதிபதி இல்லை. தாமஸ் இந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1854இல் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் லிங்கன், தன் மனத்தில் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்த கதை இதுதான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் பாருங்கள், அவ்வளவு ஆழமாகப் பதிந்த கதையிலும் காலம் தப்பியது. 1859இல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போது, தாத்தா 1781 அல்லது 82இல் கென்டக்கிக்கு வந்தார், அதற்கு ஓரிரு வருஷத்தில் கொல்லப்பட்டார் என்கிறார். உண்மையில் நான்கைந்து வருஷம். வாய்வழியாக இரண்டே தலைமுறை தாண்டியதற்குள் இவ்வளவு வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் பாவம். கென்டக்கி அன்றைக்கு யாருமில்லாத காடு இல்லை. ஷானி உள்ளிட்ட பல மக்களின் வேட்டை நிலம் அது. மார்டெகாய் சுட்டு விழுந்தவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், அவர் வீட்டிலும் எட்டு வயசுப் பிள்ளை இருந்திருக்கலாம். அந்தப் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. லிங்கனின் ஏழு தலைமுறைப் பெயரை நான் இங்கே மூச்சு விடாமல் சொல்கிறேன், அவருடைய ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. எழுதாக் கணக்கு.

தாத்தா போன பிறகு, மூத்த மகனுக்கே நிலம் என்கிற வர்ஜீனியா சட்டப்படி (கென்டக்கி அன்றைக்கு வர்ஜீனியாவின் பகுதி) எல்லாம் மார்டெகாய்க்குப் போயிற்று. தாமஸ் கூலி வேலை, தச்சு வேலை என்று வளர்ந்தார். அப்புறம் தானே காசு சேர்த்து கென்டக்கியில் மூன்று இடத்தில் நிலத்தை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் பார்த்தார். மூன்றிலும் பத்திரத்தில் வில்லங்கம். ஏன் தெரியுமா? அங்கே நிலத்தின் எல்லையை மரத்தையும் ஓடையையும் பாறையையும் வைத்து எழுதினார்கள். லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையின் எல்லை ஒரு வெள்ளை ஓக் மரம். அந்த மரம் 1976 வரை உயிரோடு இருந்தது! ஆனால் எல்லா எல்லை மரமும் அப்படி நிற்குமா? மரம் விழும், ஓடை திசை மாறும், ஒரே நிலத்துக்கு மூன்று பேர் காகிதத்தோடு வருவார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் இண்டியானாவில் அரசாங்கமே சதுரம் சதுரமாக அளந்து விற்றது. கென்டக்கியை விட்டதற்கு அடிமைமுறை ஒரு பாதிக் காரணம், முக்கியக் காரணம் நிலப்பத்திரச் சிக்கல்தான் என்று லிங்கனே எழுதிவைத்திருக்கிறார். பட்டாவுக்காக அலைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர் இருப்பீர்கள், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இண்டியானாவில் 1818இல் லிங்கனின் தாய் நான்சி இறந்தார். அவருக்கு வயசு 34, பிள்ளைக்கு 9. விஷச்செடி தின்ற மாட்டின் பாலால் வந்த நோய். அப்பா மரம் அறுத்துப் பெட்டி செய்தார். அந்தக் குழிமேட்டில் பல பத்தாண்டுகள் பெயர்க்கல் கிடையாது, இன்று நிற்கிற கல் 1879இல் வைத்தது.

அந்த அம்மாவைப் பற்றி இன்னொரு கொடுமை. தாமஸும் நான்சியும் முறையாகக் கல்யாணமே செய்யவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. பெற்றோர் வாழ்ந்த ஹார்டின் மாவட்டத்தில் பதிவைத் தேடினார்கள், இல்லை. 1865இல் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். 1878இல் பக்கத்து வாஷிங்டன் மாவட்டத்தின் நீதிமன்ற எழுத்தர் புக்கர் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறார், அங்கே இருக்கிறது! 1806 ஜூன் 10 தேதியிட்ட கல்யாண உறுதிப்பத்திரம், தாமஸ் லிங்கன் தன் கையால் போட்ட கையெழுத்து, ஜூன் 12இல் மணம் முடித்துவைத்த பாதிரியார் ஜெஸ்ஸி ஹெட் கொடுத்த பதிவு. காகிதம் எழுபது வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. தேடியவர்கள் வேறு மாவட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். மகன் கண்ணால் பார்க்காமலே போய்விட்டார்.

தன் வம்சத்தைக் கண்டுபிடிக்க லிங்கன் முயலாமல் இல்லை. 1848இல் ஹிங்ஹாமிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் எழுதிக் கேட்டபோது, கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே எதுவும் கேள்விப்பட்டதில்லை என்று பதில் எழுதினார். மாசசூசெட்ஸ் லிங்கன்களும் தாங்களும் ஒரே குடும்பமா என்று பார்த்ததில், மார்டெகாய், ஆபிரகாம், சாலமன் என்று பெயர்கள் ஒத்துப்போவதைத் தவிர வேறு ஒன்றும் தேறவில்லை என்று பிறகு குறிப்பிட்டார். உண்மையில் ஒரே குடும்பம்தான். நாட்டையே கட்டிக் காத்த மனிதருக்குத் தன் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா யார் என்று தெரியாது. அவர் செய்த ஒரு நல்ல காரியம், 1851இல் தந்தை இறந்த பிறகு குடும்ப பைபிளில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் கைப்பட எழுதிவைத்தார்.

இந்த நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850, 60இல் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல், அதில் வயசும் பாலும் நிறமும் முதலாளி பெயரும் உண்டு, பெரும்பாலும் அவர்கள் பெயர் கிடையாது. அதனால் கறுப்பின மக்கள் முன்னோரைத் தேடிப் போனால் 1870ஐத் தாண்டுவது பெரும்பாடு. 1890 கணக்கெடுப்போ 1921இல் வாஷிங்டனில் நெருப்பில் மாட்டியது, மிஞ்சியதில் பெரும்பகுதியையும் பிறகு அழித்துவிட்டார்கள். ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கணக்கு! இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, நான் எதற்காக இவ்வளவு தூரம் ஓட்டி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா பெயர் தெரியாது. தெரிந்திருந்த ஒரே ஆள் பெரியப்பா, அவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது, நான் அழுதும் பார்த்துவிட்டேன்.

நாமும் ஏழு கடல் தாண்டி வந்து இல்லினாயில் வீடு கட்டியிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயர் தெரியும், அதுவும் "சென்னை பாட்டி", "மதுரை தாத்தா" என்றுதான் தெரியும். மூன்று வருஷமாக நான் வீடு வீடாகப் போய்க் கேட்பது இதைத்தான், ஒரு வீட்டுக்கு ஒரு நோட்டு. செல்போனில் வேண்டாம், போன் மாறினால் போய்விடும். பிள்ளையை எழுதச் சொல்லுங்கள், பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். பெயர், பிறந்த ஊர், பெண்வழிப் பெயர்கள் கட்டாயம், ஏன் அந்த ஊரை விட்டுக் கிளம்பினார்கள், எந்தக் கிணறு, எந்த மரம். தேதி தெரியாவிட்டால் "பெரும்புயல் அடித்த வருஷம்" என்று எழுதுங்கள், போதும். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, கப்பல் டிக்கெட் எது இருந்தாலும் பிரதி எடுத்து இதே நூலகத்தில் ஒரு பெட்டியில் வைக்க அம்மையார் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்காக அவருக்கு நாம் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும்.

பின்வாசல் பக்கம் மேசையில் நூறு நோட்டு அடுக்கி வைத்திருக்கிறேன், சிவப்பு அட்டை, என் அப்பாவின் கடன் நோட்டு மாதிரியே தேடிப்பிடித்து வாங்கினேன். காசு வேண்டாம். முன்வரிசைத் தாத்தா பாட்டிகளே, அடுத்த மாதம் விசா முடிந்து கிளம்புகிறவர்கள் யார் யார்? கையைத் தூக்குங்கள். நான்கு பேர். பிள்ளைகளா, ஆளுக்கு ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு முதலில் இந்த நான்கு பேரிடம் வந்து உட்காருங்கள், சாப்பாடு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.