ரோமானியப் பூசாரிகள் ஏட்டைப் பார்த்துப் பாடிய பாட்டு

[காட்சி: நெருக்கமாக எழுத்து பொறித்த பளிங்குப் பலகை]

1778. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தை ஒட்டிப் புதுக் கட்டடத்துக்கு மண் தோண்டியபோது கிடைத்த பலகை இது. கி.பி. 218-இல் அர்வால் சகோதரர்கள் நடத்திய சடங்கின் பதிவு. மொத்தம் 12 பூசாரிகள், ஆயுள் முழுக்கப் பதவி. பேரரசரும் அதில் ஓர் உறுப்பினர்.

இவர்களுடைய தெய்வம் டேயா டியா, விளைச்சலைக் காக்கும் பெண் தெய்வம். மே மாதத்தில் மூன்று நாள் விழா. முதல் நாளும் கடைசி நாளும் ரோம் நகருக்குள். முக்கியமானது நடுநாள், ஊருக்கு வெளியே ஐந்தாம் மைல்கல் அருகே இருந்த புனிதத் தோப்பில்.

[காட்சி: தோப்பின் வரைபடம்]

காலையில் பரிகாரமாக இரண்டு பன்றிக்குட்டிகள், அடுத்து ஒரு பசு. பிறகு தலையில் தானியக் கதிர் முடியும் வெள்ளை நாடாவுமாக வந்து, கொழுத்த செம்மறியாட்டுக்குட்டியைப் பலியிடுவார்கள். அதற்கப்புறம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கோயில் கதவைச் சாத்துவார்கள். ஆடையை இழுத்துக் கட்டி, கையில் ஆளுக்கொரு சிறு ஏட்டோடு, தாளம் போட்டு மிதித்து ஆடிக்கொண்டே பாடுவார்கள். முடிந்ததும் சைகை கொடுக்க, பொது அடிமைகள் உள்ளே வந்து ஏடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

ஏடு எதற்கு? மொழி அவ்வளவு பழசு. முதல் அடி: “ஏனோஸ் லாசேஸ் யுவாத்தே”, அதாவது லார் தெய்வங்களே (வீட்டையும் நிலத்தையும் காப்பவர்கள்), எங்களுக்குத் துணை நில்லுங்கள். லத்தீனில் இரண்டு உயிரொலிக்கு நடுவே நின்ற ‘ஸ்’ கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ‘ர்’ ஆகிவிட்டது; ‘லாசேஸ்’ பிறகு ‘லாரேஸ்’. ஆக, பாட்டு இந்தக் கல்லைவிட ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது.

அடுத்த அடிகளில் நோயும் அழிவும் அண்டாமல் இருக்கப் போர்த் தெய்வமான மார்ஸிடம் வேண்டுதல், பிறகு “நிறைவு கொள், கொடிய மார்ஸே, வாசற்படியைத் தாண்டிக் குதி”. அதை ஒட்டி வரும் ‘பெர்பெர்’ என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. கடைசியில் ‘த்ரியும்பே’ என்ற ஆரவாரச் சொல் ஐந்து தடவை.

[காட்சி: இரண்டாம் அடியின் மூன்று வடிவங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக]

அதற்கு முந்தைய அடிகள் ஒவ்வொன்றும் மும்முறை வரும். நமக்குப் பெரிய வாய்ப்பே அதுதான், ஏனென்றால் இரண்டாம் அடி கல்லில் மூன்று விதமாக இருக்கிறது: மார்ஸின் பெயர் முதலில் ‘மார்மா’, அடுத்த இரண்டிலும் ‘மார்மார்’, வினைச்சொல் இரண்டு தடவை ‘சின்ஸ்’, மூன்றாவதில் ‘செர்ஸ்’. பொறித்தவருக்குப் பொருள் விளங்கவில்லை என்பது தெளிவு. ஒரே ஒரு தடவை மட்டும் எழுதியிருந்தால், எது பிழை என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழியிருந்திருக்காது.

இன்னொன்று: தோப்புக்குள் இரும்பு ஆகாது. ஆனால் ஆண்டுப் பதிவைக் கல்லில் பொறிக்க உளி வேண்டுமே! அதனால் இரும்பை உள்ளே கொண்டுபோகும்போது ஒரு பரிகார பலி, வெளியே எடுக்கும்போது இன்னொன்று. அந்தப் பலிகளையும் அதே பதிவுகளில் பொறித்துவைத்தார்கள்.