காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை

[திரையில்: இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சொலி மங்கலாக]

"எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது. நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க." வயதானவர்கள் இப்படிச் சொன்னால் அது சாக்கு இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறது.

[திரையில்: உட்காதின் படம்]

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பு காக்ளியா. அதற்குள், நுனியில் முடி போன்ற இழைகள் கொண்ட சுமார் 15,000 செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுபவை இவைதான். வயதாலோ, ஓயாத இரைச்சலாலோ, சில மருந்துகளாலோ அழிந்துவிட்டால் மனிதர்களுக்கு இவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த சுருதிக்கான செல்கள்.

அதனால் என்ன ஆகும்? அ, இ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில், வலுவாக ஒலிப்பவை. ச, ஸ, ஃப போன்றவை உயர்ந்த சுருதி, சன்னமானவை. 'பசி' என்று சொன்னால் உயிரொலிகள் கேட்கும், நடுவில் உள்ள மெய் நழுவிவிடும். பசியா, பதியா, படியா? மூளை ஊகிக்க வேண்டியதுதான். அமைதியான அறையில் ஊகம் பலிக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலிக்காது. கத்தினாலும் பெரிய பயனில்லை, உயிரொலிதான் இன்னும் பெரிதாகும்.

[திரையில்: ஆடியோகிராம்]

250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று இந்த வரைபடம் காட்டும். காதில் அடைத்த அழுக்கு, நடுக்காதில் நீர் என்றால் பெரும்பாலும் சிகிச்சையிலேயே சரியாகிவிடும். ஆகவே முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அது அவசரம்.

சரி, சிகிச்சையில் சரியாகாத குறைபாட்டுக்குக் காதுகேட்கும் கருவி வாங்கியாயிற்று. வேலை அங்கே முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் நாட்களில் தட்டுகள் உரசுவது, காகிதம் மடிப்பது, தன் குரல், எல்லாமே எரிச்சலூட்டும். பலர் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் அது. பல வருடங்களாக வராத ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். அமைதியான இடத்தில், தினமும் சில மணி நேரம், ஒருவரோடு மட்டும் பேசித் தொடங்குங்கள். ஒருவர் வாசிக்க, அதே பக்கத்தைக் கண்ணால் தொடர்ந்தபடி கேட்பதும் நல்ல பயிற்சி. கருவி போதாத அளவுக்குக் குறைபாடு இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் கருவி, உண்டு. அதற்கும் இதே போன்ற பயிற்சி வேண்டும்.

மறுவாழ்வுப் பயிற்சியில் பாதி, வீட்டில் இருப்பவர்களுக்கானது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும். புரியவில்லை என்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், அடுத்த முறை அவர் ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறன் நிபுணரிடம், போகும்போது வீட்டில் இருக்கும் நீங்களும் கூடப் போங்கள். எங்கே, யார் பேசினால் புரியவில்லை என்று குறித்து எடுத்துப் போங்கள். கருவியை எப்படித் திருத்துவது என்று முடிவு செய்ய அது நிபுணருக்கு உதவும்.