சீசனுக்கு மலையேறுபவர்களுக்கு

வணக்கம். நீலகிரி கோடை விழாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தேதியில் எந்தக் கண்காட்சி, டிக்கெட் எவ்வளவு என்பதெல்லாம் செய்திகளில் தினமும் வந்துகொண்டிருக்கிறது, அதை நான் வேறு ஒருமுறை வாசிக்க வேண்டியதில்லை. குன்னூரில் குடியிருப்பவள் என்ற முறையில், மே மாதம் மேலே வருகிறவர்கள் கண்ணெதிரே இருந்தும் பார்க்காமல் போகிற சில விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கோடை விழா என்றால் ஊட்டி மலர்க் கண்காட்சிதான். அதில் தப்பில்லை, பெரியது அதுதான். 2023-இல் 125-ஆவது கண்காட்சி நடந்தது. 100-ஆவதின் நினைவாக 1995-இல் எல்க்ஹில் சரிவில் போட்டதுதான் இன்றைக்கு எல்லோரும் போகிற ரோஜாப் பூங்கா. ஆனால் தாவரவியல் பூங்கா பூவுக்காக ஆரம்பித்த இடமே இல்லை என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1840-களின் கடைசியில் இங்கே இருந்த ஐரோப்பியர்களுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்கவில்லை. ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். அப்புறம் 1848-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்பவர் வந்து, சதுப்பும் புதருமாகக் கிடந்த அந்தச் சரிவைப் பல வருடம் பாடுபட்டுப் பூங்காவாக்கினார். கேரட்டும் முட்டைக்கோஸும் தேடிப் போனவர்களுடைய வேலைதான் இப்போது நாம் வரிசையில் நின்று பார்க்கிற 55 ஏக்கர்.

சரி, கண்காட்சிக்கு வருகிறவர்கள் முதலில் ஓடுவது எங்கே? கார்னேஷன் பூவைச் செருகிச் செருகிச் செய்த ராட்சத உருவத்துக்கு. ஒரு வருடம் அரண்மனை, ஒரு வருடம் ரயில், ஒரு வருடம் கார்ட்டூன் பொம்மை. செல்ஃபிக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு வாடிப் போகிற பொம்மைக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பவர்கள், அதைத் தாண்டி மாடத்தில் அடுக்கி வைத்திருக்கிற பூந்தொட்டிகளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியேறுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

ஏனென்றால் அந்தத் தொட்டிகளின் கதை டிசம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அக்டோபரோடு இரண்டாம் சீசன் முடியும், பாத்தியைக் கிளறிப் போடுவார்கள், அதற்குள் உறைபனி வந்துவிடும். காலையில் புல்தரை முழுக்க உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். அந்தப் பனி பட்டால் இளம் செடி கருகிவிடும். அதனால் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மிலார் என்கிற செடியை வெட்டிக் கொண்டு வந்து, சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் செடிகள்மேல் கூரை மாதிரி போர்த்துகிறார்கள். காலையில் வெயில் வருவதற்கு முன்னாலேயே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். பனிக்காலம் முழுக்க இதே வேலை. அப்புறம் நாற்று, தொட்டி மாற்றுவது, கிள்ளி விடுவது. சால்வியா, டேலியா, பெட்டூனியா, பேன்சி என்று ஒவ்வொன்றும் பூக்க எடுத்துக்கொள்ளும் காலம் வேறு வேறு, ஆனால் எல்லாம் மே மாதம் நடுவில் ஒரே வாரத்தில் மலர்ந்து நிற்க வேண்டும். இது எத்தனை பெரிய கணக்கு என்று வீட்டு மாடியில் நான்கு தொட்டி வைத்தவர்களுக்குத் தெரியும். இத்தனையும் சரியாக வந்த பிறகு, கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஆலங்கட்டி மழை பெய்தால் முடிந்தது. அடுத்த முறை அங்கே பச்சைச் சீருடையில் பூங்கா ஊழியர் யாராவது நின்றால், "அக்கா, இது எப்போ நட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். போட்டோ எடுத்துத் தரச் சொல்லி மட்டுமே கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இன்னொன்று, தோட்டப் போட்டி. மலர்க் கண்காட்சியோடு சேர்த்து இது வருடாவருடம் நடக்கிறது. வீட்டுத் தோட்டம், பள்ளிக்கூடத் தோட்டம், ஓட்டல் தோட்டம், காய்கறித் தோட்டம் என்று தனித்தனிப் பிரிவு. விண்ணப்பம் போட்டால் நடுவர்கள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள், கடைசி நாளில் சுழற்கோப்பை. இதில் போட்டி போடுகிறவர்கள் எல்லாம் பங்களாக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். மூன்றடி அகலத் திண்ணையில் பெயின்ட் டப்பாக்களில் ஜெரேனியம் வளர்ப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், ஏப்ரல் கடைசியில் அவர்கள் வீட்டுப் பக்கம் போனால் பேச்சே இருக்காது, பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள். என்னைக் கேட்டால் விழாவின் உயிர் இதில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் ஊட்டியின் சேரிங் கிராஸை விட்டு இரண்டு தெரு உள்ளே நடந்தால் போதும், டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம்.

மலையின் சொந்தத் திருவிழா இதற்கெல்லாம் முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் கோயில் தேர். ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிற விழா, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தாரின் உபயம், அவரவர் மேளம், அவரவர் ஊர்வலம். மலைக்குப் பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு மாதம் தெருவில் நின்றால் போதும். தேர் வரும்போது ஜனங்கள் உப்பை வாரித் தேர்மேல் வீசுவார்கள். தரையெல்லாம் கல் உப்பு நறநறக்கும். அன்றைக்குக் காரில் மாட்டிக்கொண்ட சுற்றுலாக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். இறங்கி வேடிக்கை பார்க்கலாமே ஐயா, அதைப் பார்க்கத்தானே மற்ற ஊர்களுக்குக் காசு கொடுத்துப் போகிறீர்கள்.

கோடை விழா மேடையில் இந்த மலையிலேயே வாழ்கிற தோடர், கோத்தர், படுகர் சமூகத்தாரின் ஆட்டங்களும் இருக்கும். அறிவிப்பாளர் பெயர் சொல்வார், பத்துப் பதினைந்து நிமிடம் ஆடுவார்கள், அடுத்தது சினிமாப் பாட்டு. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை. கோத்தர்களுக்கு ஏழு ஊர், தலைமுறை தலைமுறையாக மண்பானை, இரும்பு வேலை, இசை மூன்றிலும் இந்த மலைக்கே அவர்கள்தான் கைவினைஞர்கள். அவர்கள் கோல் என்று சொல்லும் குழலை ஊதுகிறவர் இடையில் நிறுத்தி மூச்சு வாங்க மாட்டார், கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் இழுத்தபடியே ஊதுவார். பக்கத்தில் நின்றால் அந்தக் கன்னம் உப்பி அடங்குவதைப் பார்க்கலாம், ஐம்பதடி தூரத்து மேடையில் ஸ்பீக்கர் வழியாக வந்தால் அது வெறும் ஊதல் சத்தம்தான். அதனால் மேடைக்கு முன்னால் இடம் பிடிக்காதீர்கள், பக்கவாட்டில் அவர்கள் வாத்தியத்தைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அருகே நில்லுங்கள். படுகர் ஆட்டம் வேறு மாதிரி. அடவு எளிது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும், கூப்பிட்டால் தயங்காமல் சேர்ந்துவிடுங்கள். கால் தப்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஸ்டால்களில் தோடர் எம்பிராய்டரி வைத்திருப்பார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு போட்டுக்கொள்வதில்லை, சட்டம் கட்டுவதில்லை, துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணி ஊசி போடுவார்கள். துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பது இவர்கள் வழக்கம், நமக்குச் சொரசொரப்பாகத் தெரிகிற பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். சின்னச் சின்ன நூல் வளையங்கள் விரலில் தட்டுப்படும். எருமைக் கொம்பு வடிவம் எங்கே வருகிறது என்று அவர்களையே கேளுங்கள், காட்டுவார்கள். அதே டிசைனை அச்சடித்த சால்வை கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும், வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் கையால் தைத்ததன் விலையைக் கேட்டுவிட்டு "இவ்வளவா?" என்று மட்டும் தைத்தவர் முகத்துக்கு எதிரே கேட்காதீர்கள். ஒரு சால்வைக்கு எத்தனை இழை எண்ண வேண்டும் என்று யோசித்தால் அந்தக் கேள்வி வாயில் வராது.

இனி காடு. பூங்காவில் நாம் பார்க்கிற பூக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. மே மாதம் சாலையோரம் ஊதாவாக உதிர்கிற ஜெகரண்டாவும் அப்படித்தான், அழகுதான், ஆனால் இந்த மண்ணுடையது இல்லை. இங்கேயே பிறந்தது புல்வெளியும், மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கிற சோலைக்காடும். சோலை மரங்கள் பனிக்காலம் கழிந்து கொழுந்து விடும்போது மலையே செக்கச்செவேலென்று மாறும், பூவே தேவையில்லை. குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை, 2018-இல் பூத்தது, இனி 2030. இந்த மேயில் குறிஞ்சி காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

சோலை பார்க்க வேண்டுமென்றால் கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர், அவ்வளவுதான். கீழே 18 ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான். 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அது வரைக்கும் அந்தக் காடு காடாகவே மிஞ்சியதற்கு உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து அமைத்த கண்காணிப்புக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு, விறகு வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் பல வருடமாகத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆறேழு பேராகக் காலையில் போங்கள். நீலகிரிச் சிரிப்பான் என்று ஒரு பறவை, பெயருக்கேற்ற மாதிரி புதருக்குள்ளிருந்து கூட்டமாகச் சிரிக்கும். ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும், யாரோ பையன் பாட்டு மறந்துபோய் இழுக்கிறான் என்றே முதலில் நினைப்பீர்கள். போனில் பறவைச் சத்தத்தைப் போட்டு அவற்றைக் கூப்பிடுகிற வேலை வேண்டாம், கூடு கட்டுகிற காலம்.

வரும் வழி பற்றி இரண்டு வார்த்தை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல், மேலே வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இணையத்தில் பதிவு செய்து வாங்குகிற இ-பாஸ் கட்டாயம். 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் போட்டார்கள். வியாபாரிகளுக்கு இதில் வருத்தம் உண்டு, அதையும் நான் ஒதுக்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதைப் பார்த்தவர்கள் வரம்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அரசுப் பேருந்துக்குப் பாஸ் தேவையில்லை என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க விடுவார்கள். இறங்குகிற அந்த வழியில் அவசரப்படாதீர்கள். ரோட்டோரம் அம்மாக்கள் தவிட்டுப் பழம் கூறு கட்டி வைத்திருப்பார்கள், கருநீலமாக, மேலே வெல்வெட் மாதிரி பூனைமுடி. தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பிளாஸ்டிக் கவர் கேட்காதீர்கள், இங்கே தடை, ஒரு துணிப்பை எடுத்து வந்துவிடுங்கள்.

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி வழக்கமாக மே கடைசியில் நடக்கும். அது எங்கள் ஊர்ப் பெருமை, கூட்டமும் ஊட்டி அளவுக்கு இருக்காது. 1874-இல் போட்ட பூங்கா, உள்ளே ருத்ராட்ச மரம்கூட இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் பிளம்ஸ் பழுக்கும். பழத்தில் செய்த உருவங்களைப் பார்த்துவிட்டு அப்படியே மார்க்கெட்டுக்கு இறங்கி, தொட்டால் லேசாக அமுங்குகிற பழமாகப் பொறுக்கி வாங்குங்கள், கல் மாதிரி இருந்தால் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். குடை மறக்க வேண்டாம், மதியம் மூன்று மணிக்கு மேல் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். கையில் ஸ்வெட்டர் ஒன்று. வேறு ஒன்றும் வேண்டாம். நன்றி, வணக்கம்.