கடைமடை என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் ஐயா, வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். ஆடிப்பெருக்குக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்கு வந்து, போகிற வழியில் எங்களிடம் மாட்டிக்கொண்ட கும்பகோணத்து மக்களுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய வணக்கம்.

புதிதாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கைகொடுப்பது தொழிற்படிப்பா, கலைப் படிப்பா? எதிரணித் தம்பி காரில் வந்தார். நான் பஸ்ஸில் வந்தேன். யார் எந்த அணி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் அவர் காரை நிறுத்த இடம் தேடிய நேரத்தில் நான் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டேன். இந்த ஊரில் காபிகூட டிகிரி வாங்கியிருக்கிறது. அது பி.இ. என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

தம்பி நல்ல பேச்சாளர். என்ன சொன்னார்? "மேட்டூரில் தண்ணி திறந்தா தலைமடைக்காரன் முதல்ல எடுத்துக்குவான். மருத்துவம், இன்ஜினியரிங், அக்ரி எல்லாம் பாய்ஞ்சது போக மிச்சம் கசிஞ்சு வர்றதுதான் கடைமடை. அந்தக் கடைமடைதான் பி.ஏ." கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல உவமை. ஆனால் தம்பி, நீங்கள் படித்த நாலு வருஷத்தில் உவமைக்கு ஒரு பேப்பர்கூடக் கிடையாதே, யாரிடம் கடன் வாங்கினீர்கள்?

ஐயா, நான் பிறந்ததே கடைமடையில். திருத்துறைப்பூண்டி பக்கம். ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்கள். பூப் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு முகத்திலும் சிரிப்பு இருக்காது. "கல்லணைக்கு வந்தாச்சா?" என்று கேட்பார்கள். வந்தாச்சு என்றால் "வெண்ணாத்துல விட்டாச்சா?" அதற்கப்புறம் வாய்க்கால் வாய்க்காலாகக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் காலையில் ஒரு பையன் சைக்கிளில் கத்திக்கொண்டு வருவான்: "தண்ணி வந்துடுச்சு!" எங்களுக்கு அன்றைக்குத்தான் மேட்டூர் திறந்தது. தலைமடையில் தண்ணீர் பாய்ந்தது என்று எந்தப் பேப்பராவது செய்தி போட்டிருக்கிறதா? கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்கிறார்கள். அதிகாரி பேட்டியும் அதற்குத்தான், அமைச்சர் பேட்டியும் அதற்குத்தான். எங்களைக் கடைமடை என்றால் நான் ஏன் தம்பி கோபப்படப் போகிறேன்?

தண்ணீரை நீங்களே திறந்துவிட்டீர்கள், அதையும் பேசிவிடுவோம். மேட்டூரில் ஷட்டரைத் தூக்க இன்ஜினியர் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஷட்டருக்குப் பின்னால் தண்ணீர் இருக்க யார் வேண்டும்? 1892 ஒப்பந்தத்தையும் 1924 ஒப்பந்தத்தையும் வரி வரியாகப் படித்தவர் வேண்டும். 2007இல் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றது. கர்நாடகம் திறந்துவிட வேண்டிய பங்கை 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 என்று குறைத்தது. அந்தக் கடைசிக் கால் டி.எம்.சி.க்கும் வாதாடியவர்கள் கான்கிரீட் கலக்கிக்கொண்டா இருந்தார்கள்? சட்டமும் வரலாறும் பொருளியலும் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய கோயிலைக் கட்டியது பொறியாளர்தானே என்றும் கேட்டார். சரி. அவர் பேர் என்ன தம்பி? பரவாயில்லை, யோசியுங்கள். கட்டிய ராஜாவையே நாம் மறந்திருந்தோம். கரிகாலன் கட்டியது என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. 1886இல் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் சுவரில் இருந்ததைப் படித்த பிறகுதான் ராஜராஜன் என்று உறுதியானது. உங்கள் பொறியாளர் பேரும் அதே கோயில் கல்வெட்டில்தான் இருக்கிறது: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். கட்டியவர் உங்கள் அணியாகவே இருக்கட்டும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எங்கள் அணி.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கதைக்கு வந்துவிடுகிறேன்.

நான் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது முதலில் எழுதியது பொருளியல், அடுத்தது ஆங்கிலம். கிடைத்தது வரலாறு. எங்கள் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பாப்பா என்ன படிக்கப் போவுது?" "வரலாறு பெரியப்பா." அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அது முடிஞ்சு போன விஷயமாச்சே. அத எதுக்கு மூணு வருஷம் படிக்கணும்?"

தெரு முழுக்கச் சிரித்தது. அதோடு விட்டாரா? கல்யாண வீட்டில் சொன்னார், காதுகுத்தில் சொன்னார். ஒரு கருமாதியில் அழுதுகொண்டிருந்தவர்களை நிறுத்திவைத்துச் சொன்னார். நான் தேர்வு எழுதிவிட்டு வந்தால் "என்ன பாப்பா, பானிப்பட்டுல இந்தத் தடவையாவது வேற ஆளு ஜெயிச்சானா?" என்பார்.

முதல் வருஷம் எனக்கும் எதுவும் பிடிபடவில்லை. இந்த வகுப்பில் பாதி மனசு, அந்த வகுப்பில் பாதி மனசு. இரண்டாம் வருஷம் விருப்பப் பாடமாகக் கல்வெட்டியல் வந்தது. சேர்ந்தது ஏழு பேர். அதில் நாலு பேர் சேர்ந்த காரணம், வகுப்பு முடிந்தால் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். நான் அந்த நாலில் ஒருத்தி, பொய் சொல்ல மாட்டேன். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த படிப்பு எது என்பதை அந்த பஸ்தான் கண்டுபிடித்தது. உ.வே.சாமிநாதையர் இதே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆன பிறகுதான், 1880இல், இந்த ஊர் முன்சீப் ராமசுவாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அதுவரை அவர் படித்ததில்லை. ஏழு வருஷத்தில் அந்த நூலையே பதிப்பித்தார். வாத்தியார் ஆன பிறகே ஒருவர் பாதையைக் கண்டுபிடித்திருக்கிறார். உங்களுக்கு முதல் செமஸ்டர்தானே ஆகிறது?

அப்புறம், எம்.ஏ. முடித்து நான் சும்மா இருந்த வருஷம். பெரியப்பாவுக்கும் பங்காளிக்கும் வரப்புத் தகராறு. பங்காளி சொல்கிறார் உங்களுக்கு இரண்டு மா நிலம்தான் என்று. பெரியப்பா டிரங்குப் பெட்டியைக் குடைந்து 1946ஆம் வருஷத்துக் கூறுசீட்டு, அதாவது பாகம் பிரித்து எழுதிய சீட்டு ஒன்றை எடுத்தார். கணக்குப்பிள்ளை கையெழுத்து. எழுத்துக்கு எழுத்து தோளில் கைபோட்டுக்கொண்டு ஓடும். எண்ணெல்லாம் தமிழ் எண். இரண்டு மா என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு சுழி. அது என்ன?

பெரியப்பாவின் மாப்பிள்ளை இன்ஜினியர். போனில் போட்டோ எடுத்தார், பெரிதாக்கினார், தலைகீழாகத் திருப்பினார். "மாமா, இது மை சிந்துனது" என்றார். பத்திரம் எழுதுகிறவர் பார்த்தார். "பிள்ளையார் சுழிங்க" என்றார். பிள்ளையார் சுழி ஏனய்யா நடுவில் வந்தது என்றால், "எழுதுனவருக்குப் பாதியில பக்தி வந்திருக்கும்" என்றார். குடும்ப வாட்ஸாப்பில் போட்டார்கள். நத்தை என்றது ஒரு பேரன். மும்பையிலிருந்து ஒருவர் ஓம் சக்தி என்று கும்பிடு போட்டார். மை சிந்தியது, பிள்ளையார், நத்தை, ஓம் சக்தி. பி.இ., எம்.இ., எம்.பி.ஏ. எல்லாம் இருக்கிற குரூப் ஐயா அது!

கடைசியில், வேறு வழியில்லாமல், முடிஞ்சு போன விஷயத்தைப் படித்தவளைக் கூப்பிட்டார்கள். பார்த்தேன். "பெரியப்பா, இது முக்காணி." ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா. மாவில் கால் காணி. மூன்று காணி முக்காணி. "இன்னைக்குக் கணக்குக்குச் சுமார் 25 சென்ட் பெரியப்பா." மாப்பிள்ளை போனைப் பையில் போட்டுக்கொண்டார். மை சிந்திய இடம் 25 சென்ட்!

தம்பி சிரிக்கிறார். சிரியுங்கள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரு நிமிஷம் ஐயா.

அந்தச் சீட்டை முழுக்கப் படிக்கச் சொன்னார் பெரியப்பா. படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கைநாட்டு. ரேகை மங்கி, பழுப்பாக. பக்கத்தில் எழுதியிருந்தது: மைனர்களுக்காகத் தாயும் கார்டியனுமான இன்னார். எங்கள் அப்பாயி பேர். தாத்தா செத்து மூன்று மாசம். மைனர் இரண்டு பேர், பெரியப்பாவுக்கு ஆறு வயசு, எங்கப்பா கைக்குழந்தை. கூடத்தில் ஆம்பளைகள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷி கதவோரம் நின்று, அந்த முக்காணியை விடாமல் கேட்டு எழுத வைத்து, அப்புறம்தான் கட்டைவிரலை வைத்திருக்கிறாள்.

பெரியப்பா பேசவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்பாயியை ஊரே ஆத்தா என்றுதான் கூப்பிடும். பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எழுதிப் பார்த்தவரும் இல்லை.

"இதுல எங்கம்மா பேரு எது பாப்பா?" என்று கேட்டார்.

விரல் வைத்துக் காட்டினேன். அவரும் விரலை வைத்தார். நடுங்கியது.

"இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.